கோல சிலாங்கூர்: சேறும் செம்பனையும் மின்மினியும்

சிலாங்கூர் ஆறு தித்திவாங்சா மலைத்தொடரில், பிரேசர் மலைக்கு அருகே பிறக்கிறது. கோல குபு பாரு, பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு சுமார் 110 கிலோமீட்டர் ஓடி மலாக்கா நீரிணையில் விழுகிறது. அது கடலோடு சேரும் கழிமுகத்து ஊர்தான் கோல சிலாங்கூர். கோலாலம்பூரிலிருந்து வடமேற்கே காரில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். வருகிறவர்களில் பெரும்பாலோர் சாயங்காலம் வந்து, கடலுணவு சாப்பிட்டு, இருட்டியதும் படகேறி மின்மினியைப் பார்த்துவிட்டு அன்றிரவே வீடு திரும்பிவிடுகிறார்கள். அது போதாது. மின்மினி அங்கே ஏன் இருக்கிறது, இன்னும் எத்தனை காலம் இருக்கும் என்பதற்கு விடை படகில் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படாது. ஆற்றங்கரைக்குப் பின்னால் உள்ள தோட்டங்களிலும், அதற்கும் அப்பாலுள்ள சதுப்புக் காட்டிலும், மலையில் கட்டிய அணையிலும்தான் அந்த விடை இருக்கிறது.

கடலிலிருந்து தொடங்குவது வசதி. ஜெராம், சாசாரான், பாசிர் பெனம்பாங் என்று நீளும் இந்தக் கரையில் மணல் குறைவு, சேறு அதிகம். ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டலை அடித்துச் செல்லும் அளவுக்கு நீரிணையின் அலைக்கு வேகம் இல்லை. அதனால் தண்ணீர் வற்றும் நேரத்தில் கரையிலிருந்து வெகு தூரத்துக்குச் சாம்பல் நிறச் சேற்றுவெளி தெரியும். குளிக்க வந்தவருக்கு இது ஏமாற்றம். பறவைக்கோ இதுதான் பந்தி. நண்டு, புழு, கெராங் சிப்பி எல்லாம் இந்தச் சேற்றில்தான் இருக்கின்றன. சைபீரியாவில் குளிர் தொடங்கியதும் புறப்படும் உள்ளான்களும் பவளக்காலிகளும் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை இங்கே மேய்கின்றன. கோடியக்கரைக்கு வரும் பறவைகள் மத்திய ஆசிய வலசைப் பாதையைச் சேர்ந்தவை. இங்கே வருபவை கிழக்கு ஆசியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை நீளும் வேறொரு பாதையில் பறப்பவை. அவற்றில் பல இங்கே தங்கி உடம்பைத் தேற்றிக்கொண்டு மேலும் தெற்கே போகும்.

கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, நீர் நன்றாக வற்றும்போது மட்டும் தலைகாட்டும் ஒரு மணல்திட்டு இருக்கிறது. அதன்மேல் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது வானம் முழுவதும் அதில் தெரியும். ‘வானக் கண்ணாடி’ என்று விளம்பரம் செய்து சாசாரானிலிருந்தும் கோல சிலாங்கூரிலிருந்தும் படகு விடுகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே மீனவர்கள் சிப்பி பொறுக்கிய திட்டு அது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாள்களில்தான் அங்கே இறங்க முடியும். சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும் அந்த நாள்களில் கடல் மிக உயரமாக ஏறி மிக ஆழமாக இறங்குவதே காரணம். மற்ற நாள்களில் திட்டு தண்ணீருக்குள் கிடக்கும்.

கழிமுகத்தின் தென்கரையில், ஊரை ஒட்டியே, கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா உள்ளது. 1940-இல் தொடங்கப்பட்ட மலேசிய இயற்கைக் கழகம் 1987 முதல் இதைக் கவனித்துவருகிறது. இருநூறு ஹெக்டருக்கு மேற்பட்ட பரப்பில் அலையாத்திக் காடு, உவர்நீர் ஏரி, இரண்டாம் தலைமுறைக் காடு மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. கடல்நீர் உள்ளே வராமல் தடுக்க மனிதர் போட்ட மண்கரைதான் இவற்றைப் பிரிக்கிறது. கரைக்கு அந்தப் பக்கம் பிச்சாவரத்துக்குப் போனவர்களுக்குப் பழகிய காட்சி: சேற்றிலிருந்து ஊசி ஊசியாக மூச்சுவேர் நீட்டும் கண்டல் மரங்கள், முட்டுக்கொடுத்தாற்போல் வேரூன்றி நிற்கும் சுரபுன்னை மரங்கள். மரப்பலகை நடைபாதையில் அசையாமல் ஐந்து நிமிடம் நின்றால் போதும், ஒளிந்துகொண்ட உயிர்கள் வெளியே வரும். ஒற்றைக் கொடுக்கை ஆட்டி ஆட்டித் தன் எல்லையைக் காட்டும் நண்டு வரும். தண்ணீரை விட்டு வெளியே வந்து, துடுப்பை ஊன்றிச் சேற்றில் தாவும் மீனும் வரும். செவுளில் ஈரம் இருக்கும்வரை இந்த மீனுக்குக் கரைவாசம் சிரமமில்லை.

பூங்காவில் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. கொக்கு, நாரை, மீன்கொத்தி, செம்பருந்து, வெண்வயிற்றுக் கடற்கழுகு ஆகியவற்றை எளிதாகப் பார்க்கலாம். அழிவின் விளிம்பில் இருக்கும் பால்வெள்ளை நாரையைத் தேசிய விலங்ககத்தில் பெருக்கி இங்கே விடும் முயற்சியும் நடந்திருக்கிறது. அதில் எதிர்பாராத ஒரு சிக்கல் முளைத்தது. வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் கூடு கட்டும் நம் மஞ்சள் மூக்கு நாரையும் அதே விலங்ககத்தில் கூண்டில்லாமல் வளர்ந்தது. இரண்டும் நெருங்கிய இனம் ஆதலால் கலந்து குஞ்சு பொரித்துவிட்டன. ஓர் இனத்தைக் காப்பாற்ற வளர்க்கும் இடத்திலேயே அதன் தனித்தன்மை கரையத் தொடங்கினால், எதைக் காட்டில் விடுவது என்ற கேள்வி வந்துவிடுகிறது.

பூங்காவின் தலைமாட்டில் நிற்பது மெலாவத்தி குன்று. கழிமுகத்தில் நுழையும் எந்தக் கப்பலும் இந்தக் குன்றின் கண்ணுக்குத் தப்ப முடியாது. ஆகையால் சிலாங்கூர் சுல்தான்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். 1784-இல் மலாக்காவிலிருந்து வந்த டச்சுக்காரர்கள் அதைப் பிடித்து, தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் சூட்டினார்கள். சுல்தான் இப்ராகிம் பகாங்குக்குப் போய்ப் படை திரட்டிவந்து அடுத்த ஆண்டே அதை மீட்டார். அரச குடும்பத்தின் உள்சண்டையில் 1870-இல் ராஜா மஹ்டி ஊரைக் கைப்பற்றினார். மறு ஆண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று குன்றின்மீது குண்டு பொழிந்தது. இப்போது அங்கே சில பீரங்கிகளும், முதல் மூன்று சுல்தான்களின் கல்லறைகளும், 1907-இல் எழுந்த கலங்கரை விளக்கமும் உண்டு. ரமலான் பிறை பார்க்கும் இடங்களில் இந்தக் குன்றும் ஒன்று.

பீரங்கியைப் பார்க்க வரும் கூட்டத்தைவிடக் குரங்கைப் பார்க்க வரும் கூட்டமே அதிகம். கறுப்பில் வெள்ளி தூவினாற்போன்ற ரோமமும் கூம்பிய கொண்டையும் உள்ள இந்த இலைக்குரங்கு நெடுங்காலம் சுமத்ரா, போர்னியோ குரங்கோடு ஒன்றாகவே எண்ணப்பட்டது. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் வாழும் வகை தனி என்று 2008-இல் விஞ்ஞானிகள் பிரித்து, அதன் அறிவியல் பெயரில் சிலாங்கூரைச் சேர்த்தார்கள். குட்டி பிறக்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். சில மாதங்களில் தாயின் நிறத்துக்கு மாறிவிடும். அடிவாரத்தில் விற்கும் பயற்றங்காயை நீட்டினால் தோளில் ஏறி வாங்கித் தின்னும் அளவுக்கு இவை சாதுவானவை. அந்தச் சாதுத்தனமே இவற்றுக்குக் கெடுதல். இலையை நொதிக்கவைத்துச் செரிக்கும் பல அறை வயிறு இவற்றுக்கு. ரொட்டியும் கடலையும் அதற்குப் பொருந்தா. சாலையோரத்தில் உட்கார்ந்து கையேந்தும் குரங்கு வண்டியில் அடிபடவும் செய்கிறது. படம் எடுத்துக்கொள்ளலாம், தீனி கொடுக்காமலிருப்பதே நல்லது.

குன்றிலிருந்து ஆற்றின் போக்குக்கு எதிராகச் சுமார் 9 கிலோமீட்டர் உள்ளே போனால் கம்போங் குவாந்தான் வரும். எதிர்க்கரைப் பக்கம் கம்போங் புக்கிட் பெலிம்பிங். இந்த இரண்டு இடங்களிலிருந்தும் மின்மினிப் படகு புறப்படுகிறது. இங்குள்ள மின்மினி ஆறு மில்லிமீட்டர் நீளம்தான், கிட்டத்தட்ட அரிசிமணி அளவு. அறிவியல் பெயர் டெரோப்டிக்ஸ் டெனர். இரவு எட்டு மணி வாக்கில், கரையோரத்துப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து, ஆண்பூச்சிகள் எல்லாம் ஒரே தாளத்தில், வினாடிக்குச் சுமார் மூன்று முறை மினுங்கும். ஊர்த் தோட்டத்தில் பறக்கும் மின்மினி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தன் இஷ்டத்துக்கு ஒளிரும். இங்கே மரம் முழுவதும் ஒன்றாய் அணைந்து ஒன்றாய் எரியும். உலகில் மிகச் சில இடங்களிலேயே இப்படிப் பார்க்க முடியும்.

பூச்சியின் வயிற்று நுனியில் லூசிஃபெரின் என்ற பொருள், ஒரு நொதியின் துணையோடு ஆக்சிஜனுடன் சேரும்போது வெளிச்சம் பிறக்கிறது. அதில் சூடு கிட்டத்தட்ட இல்லை. எப்படி எல்லாம் ஒரே நேரத்தில் மினுங்குகின்றன என்பதுதான் அறிஞர்களை வெகுகாலம் குழப்பியது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சயாம் போன ஜெர்மானிய மருத்துவர் எங்கல்பர்ட் கெம்ப்ஃபர் அங்கே இதைக் கண்டு எழுதிவைத்தார். மேற்கில் பலர் நம்பவில்லை. பார்ப்பவர் இமை துடிப்பதால் வந்த மயக்கம் என்றுகூட ஒரு விளக்கம் சொன்னார்கள். 1960-களில் ஜான் பக், எலிசபெத் பக் தம்பதி தாய்லாந்தில் இதன் உறவுப் பூச்சியைப் பிடித்து இருட்டான ஹோட்டல் அறையில் விட்டுப் பார்த்தார்கள். முதலில் தாறுமாறாக மினுங்கியவை கொஞ்ச நேரத்தில் இரண்டிரண்டாக, மூன்று மூன்றாகச் சேர்ந்து ஒரே தாளத்துக்கு வந்தன. தலைமைப் பூச்சி என்று எதுவும் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு தாளம் இருக்கிறது. பக்கத்துப் பூச்சியின் ஒளியைப் பார்த்ததும் அது தன் தாளத்தைச் சற்றே முன்பின் தள்ளிக்கொள்கிறது, அவ்வளவுதான். மரத்தில் ஒன்றாக எரிந்தால் தூரத்தில் பறக்கும் பெண்பூச்சிக்கும் தெரியும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

பயணிகள் பார்ப்பது மின்மினியின் கடைசிச் சில வாரங்களைத்தான். கலந்தபின் பெண்பூச்சி மரத்தைவிட்டு உள்ளே தள்ளி, நீபா பனையும் சவ்வரிசிப் பனையும் வளரும் ஈர மண்ணில் முட்டையிடும். புழுப் பருவம் முழுக்க அங்கேதான். அந்தப் புழு சைவம் அல்ல. உதிர்ந்த மட்டைக்கும் இலைச்சருகுக்கும் அடியில் வாழும் சின்னஞ்சிறு நத்தையைத் தேடிப்பிடித்துத் தின்று வளர்கிறது. மலேசிய வன ஆய்வுக் கழகத்தின் பூச்சியியலாளர்கள் பல ஆண்டு கரையோரத்தில் அலைந்து கண்டறிந்த செய்தி இது. இதன் பொருள் சாதாரணமானதல்ல. பெரெம்பாங் மரத்தை மட்டும் வெட்டாமல் விட்டுவைத்தால் மின்மினி பிழைக்காது. மரத்துக்குப் பின்னால் உள்ள நீபா புதர் வேண்டும், அதில் நத்தை வேண்டும், நத்தைக்குச் சரியான ஈரம் வேண்டும், ஈரத்தில் உப்பு ஒரு அளவோடு இருக்க வேண்டும். கடல்நீர் ஏற்றத்தில் உள்ளே வந்து ஆற்றுநீரோடு கலக்கும் ஒரு குறுகிய நீளத்தில்தான் பெரெம்பாங் மரமும் நத்தையும் சேர்ந்து வாழ்கின்றன. அதற்குக் கீழே உப்பு அதிகம், மேலே மிகக் குறைவு.

கரையோரத்தைச் சிலாங்கூர் மாநில அரசு பாதுகாப்புப் பகுதியாக அறிவித்திருக்கிறது. ஆனாலும் கரையை வெட்டி வெறுமையாக்குவதும், இறால் குட்டை தோண்டுவதும், செம்பனையைத் தண்ணீர் விளிம்புவரை நடுவதும் பல இடங்களில் முன்பே நடந்து முடிந்துவிட்டன. வெளிச்சம் இன்னொரு பகை. தெருவிளக்கும் உணவகத்து விளக்கும் பட்ட மரத்தில் மின்மினி கூடாது. கம்போங் குவாந்தானில் நான்கு பேர் உட்காரும் சம்பானைத் துடுப்பு போட்டு ஓட்டும் பழைய வழக்கம் இதனால்தான் போற்றத்தக்கது. எந்திரச் சத்தமும் புகையும் கரையை அரிக்கும் அலையும் அதில் இல்லை. மின்சார மோட்டார் படகு அதற்கு அடுத்தபடி. வேகப் படகில் போய் மரத்தில் விளக்கடித்துக் காட்டுவதாக யாராவது அழைத்தால் மறுத்துவிடலாம்.

இந்தக் கரைகளுக்குப் பின்னால் பரவிக் கிடப்பவை தோட்டங்கள். புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா என்று எந்தச் சாலையில் திரும்பினாலும் செம்பனை நிரைகள்தான். பெஸ்தாரி ஜெயாவுக்கு 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். தோட்டத்து மக்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். மலேசியாவின் செம்பனைத் தொழில் தொடங்கியதே இங்கேதான். பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபோக்கோனியே ரப்பர் பயிரிட வந்தவர். சுமத்ராவிலிருந்து தருவித்த விதையை முதலில் ரந்தாவ் பாஞ்சாங்கில் அழகுக்காக நட்டார். 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் வணிகப் பயிராக நட்டார். நாட்டின் முதல் செம்பனைத் தோட்டத்துக்கு அப்படித் தமிழ்ப் பெயர் அமைந்துவிட்டது. அதே துரை பிற்பாடு எழுதிய ‘மலேசி’ என்ற நாவல் 1930-இல் கொங்கூர் பரிசு பெற்றது. தோட்ட வாழ்க்கையைத் துரையின் திண்ணையிலிருந்து பார்த்த நூல் அது. தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலிலிருந்து பார்த்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அன்றைக்கு ரப்பரே பெரிது. விடியுமுன் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பில் பேர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரஞ்சீவி, மங்கு என்னும் கிண்ணத்தில் வடிந்த பாலை மதியத்துக்குள் ஸ்டோரில் சேர்ப்பது தமிழர்களின் வாழ்க்கையாக இருந்தது. 1970-களிலும் அதற்குப் பிறகும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆள்தேவை குறைந்தது, தோட்டங்கள் பல கைமாறி வீடமைப்புப் பகுதிகளாயின. கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் பூஞ்சாக் ஆலமுக்கும் குடும்பங்கள் பெயர்ந்தன. குலை வெட்டுவதில் இன்று பெரும்பங்கு இந்தோனேசியர், வங்காளதேசத்தவர் கையில் இருக்கிறது. நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைப் பொருத்தி, இருபது கிலோவுக்கு மேலும் எடையுள்ள குலையை அண்ணாந்து அறுத்து வீழ்த்தும் வேலை அது. வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்குக் கொண்டுபோகாவிட்டால் எண்ணெயின் தரம் கெட்டுவிடும்.

செம்பனைக் காடு காடல்ல. ஒரே மரம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கும் இடத்தில் உயிர்வகை குறைவாகவே இருக்கும். ஆனால் வெறுமை என்றும் சொல்லிவிட முடியாது. உதிர்ந்த பழத்துக்கு எலி வருகிறது, எலிக்கு நாகமும் மலைப்பாம்பும் வருகின்றன. மட்டைக் குவியலை மிதிக்குமுன் கம்பால் தட்டிப் பார்ப்பது தோட்டத்தில் குழந்தைக்கும் தெரிந்த பாடம். காட்டுப்பன்றியும் உடும்பும் கீரியும் சாலையைக் கடப்பது வழக்கமான காட்சி. எலியை ஒழிக்க விஷம் வைத்துப் பார்த்த நிர்வாகங்கள் பிறகு கூகையிடம் போயின. 1960-களின் இறுதிவரை தீபகற்பத்தில் கூகை கூடு கட்டியதாகப் பதிவே இல்லை. செம்பனையும் அதில் பெருத்த எலியும்தான் அதை வரவழைத்தன. இப்போது கம்பத்தின்மேல் மரப்பெட்டி வைத்து அதைக் குடியேற்றுகிறார்கள். ஒரு ஜோடியும் குஞ்சுகளுமாக ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் எலி தின்கின்றன. வீட்டுக்கூரையில் கூகை அலறினால் சாவு வரும் என்று அஞ்சிய அதே மக்களின் தோட்டத்தில் இன்று அது சம்பளமில்லாத வேலையாள்.

பூச்சியும் அப்படித்தான். செம்பனைப் பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் வேலையை முன்பு தொழிலாளர்கள் மரம் மரமாகப் போய்க் கையால் செய்தார்கள். 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டதும் அந்த வேலை முடிந்துபோனது. ஒரு வண்டு வந்து இத்தனை பேர் வேலையை எடுத்துக்கொண்ட வரலாறு வேறு எந்தத் தொழிலிலும் இருக்குமா என்பது சந்தேகம்.

தோட்டத்தில் ஆள் குறைந்தாலும் சாமி போகவில்லை. லயத்துக்கு நடுவே மாரியம்மன், நிரைகளின் ஓரத்தில் அரசமரத்தடியில் முனியாண்டி, மதுரைவீரன், காளி என்று முதல் தலைமுறை நட்டுவைத்த தெய்வங்கள் பல இடங்களில் செம்பனைக்கு நடுவே இன்னும் இருக்கின்றன. கல்லும் சூலமுமாகத் தொடங்கியவை சில இப்போது கோபுரம் கண்டுவிட்டன. வேலைக்குப் போகுமுன் காட்டெல்லைச் சாமிக்குச் சூடம் கொளுத்துவது வெறும் பக்தி மட்டுமில்லை, பாம்பும் பன்றியும் உலவும் இடத்துக்குள் போகிறோம் என்ற விழிப்பும் அதில் சேர்ந்தது. ஆண்டுத் திருவிழாவின்போது கொடியேற்றி, கரகம் பாலித்து, பால்குடம் எடுத்து, உருமி முழங்கத் தீமிதித்து, மஞ்சள் நீராட்டோடு முடிப்பார்கள். ஆடியில் கூழ் வார்ப்பார்கள். ஊர்விட்டுப் போன குடும்பங்கள் கார் கட்டி வந்து சேரும் நாள் அதுதான். லயம் இடிந்துபோன தோட்டத்திலும் கோயில் திடல் அன்றைக்கு நிறைந்திருக்கும். புக்கிட் ரோத்தானில் உள்ள ஸ்ரீ சக்தி தேவஸ்தானம் இவற்றிலிருந்து வேறுபட்டது. ஐம்பத்தொரு சக்தி பீடங்களை நினைவூட்டும் சிற்பங்களோடு, வெளியூர்க்காரர்களை ஈர்க்கும் பெரிய கோயிலாக அது எழுந்துள்ளது. எனினும் தோட்டக் கோயிலின் உயிர் திருவிழாவில்தான் இருக்கிறது. அதைப் பார்க்க விரும்புகிறவர் நாள் விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

தோட்டத்துப் பொழுதுபோக்கும் வெளியில்தான். சாயங்காலம் திடலில் பந்து, விடுமுறையில் கால்வாயோரம் தூண்டில். விராலும் கெளுத்தியும் அதில் மாட்டும். பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றி ஈயம் தோண்டியவர்கள் விட்டுப்போன பெரிய குட்டைகள் தூண்டில்காரர்களின் தலமாகிவிட்டன. சிலாங்கூர் ஆற்றில் நீலக்கொடுக்கு உள்ள பெரிய நன்னீர் இறாலுக்காகவே படகு வாடகைக்கு எடுப்போர் உண்டு. அதுவும் மின்மினியைப் போலவே ஆற்றுநீரும் கடல்நீரும் கலப்பதை நம்பியிருப்பது. இறாலின் குஞ்சுப் பருவம் உவர்நீரில், வளர்ச்சி நன்னீரில்.

பெஸ்தாரி ஜெயாவுக்கு வடக்கே தரை தாழ்ந்து, தண்ணீர் கறுத்து, வட சிலாங்கூர் கரிச்சதுப்புக் காடு தொடங்குகிறது. ராஜா மூசா, சுங்கை காராங் காப்புக்காடுகள் சேர்ந்து சுமார் 80,000 ஹெக்டர். விழுந்த மரமும் இலையும் மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தண்ணீருக்குள் படிந்து உண்டான மண் இது. தேநீர் நிறத்தில் புளிப்பேறிய அந்தத் தண்ணீரில் நூற்றுக்கு மேற்பட்ட மீன் வகைகள் வாழ்கின்றன. பெட்டா லிவிடா என்ற பச்சை மின்னும் சண்டைமீன் 1992-இல் அடையாளம் காணப்பட்டது. அதன் உலகம் இந்தச் சதுப்போடு முடிந்துவிடுகிறது. தாபிரும் சூரியக்கரடியும் இக்காட்டில் உண்டு. மரம் வெட்டி மிதக்கவிட வெட்டிய கால்வாய்கள் தண்ணீரை வடித்துவிட்டன. காய்ந்த கரிமண்ணில் தீப்பிடித்தால் அது தரைக்கு அடியில் வாரக்கணக்கில் புகையும். கோலாலம்பூரை மூடும் புகைமூட்டம் முழுவதும் இந்தோனேசியாவிலிருந்து வருவதென்று சொல்வதுண்டு. பாதி உண்மைதான் அது. ஒரு பகுதி இங்கேயே கிளம்புகிறது. உலகச் சுற்றுச்சூழல் மையம் என்ற அமைப்பும், 2012-இல் உருவான வட சிலாங்கூர் கரிச்சதுப்புக் காட்டின் நண்பர்கள் என்ற உள்ளூர்க் குழுவும் கால்வாய்களை அடைத்துத் தண்ணீரைத் தேக்கி, மகாங் மரக்கன்று நட்டுவருகின்றன. பொதுமக்களும் நடுவிழாக்களில் சேர்ந்துகொள்ளலாம்.

சதுப்பைக் காப்பது சூழல் ஆர்வலர்களின் ஆசை மட்டுமல்ல, சோற்றுப் பிரச்சினையும்கூட. காட்டின் மேற்கு விளிம்பில், தஞ்சோங் காராங்கிலிருந்து செகிஞ்சான் வழியாகச் சபாக் பெர்ணம் வரை, கடலுக்கு இணையாக நீளும் வயல்வெளி 1930-களில் தொடங்கிய பாசனத் திட்டத்தில் உருவானது. பெர்ணம் ஆற்றுநீர் கால்வாய் வழியாகச் சதுப்பின் ஓரமாக வந்து தெங்கி ஆற்றில் சேர்ந்து வயலுக்குப் பாய்கிறது. மழை இல்லாத மாதங்களில் சதுப்பு தேக்கிவைத்த தண்ணீர்தான் கைகொடுக்கும். ஆண்டுக்கு இரண்டு போகம். நாட்டிலேயே நல்ல விளைச்சல் தரும் வயல்களில் செகிஞ்சான் பேர் பெற்றது. நட்ட புதிதில் கண்ணாடி, பிறகு பச்சை, அறுப்புக்கு முன் பொன் என்று போகத்துக்கு மூன்று கோலம் காட்டும். சைக்கிளில் வரப்புச் சாலையைச் சுற்றுவதற்கு அறுப்புக்கு முந்தின வாரங்கள் சிறந்தவை. அயலிலிருந்து வந்த தங்க ஆப்பிள் நத்தை நாற்றைத் தின்று தொல்லை கொடுக்கத் தொடங்கியபின், நம்மூர் நத்தைகுத்தி நாரை தீபகற்ப மலேசியாவின் வயல்களுக்குத் தானாகவே வந்து சேர்ந்திருக்கிறது. அழைக்காமல் வந்தாலும் பயனுள்ள விருந்தாளி.

இந்தக் கரையில் சீன மீனவர், ஜாவா, பஞ்சார் வம்சாவளி மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். ஒரே தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடும் ஜாவா வழக்கத்து நாசி அம்பேங், பாசிர் பெனம்பாங்கின் நண்டும் உலர்ந்த இறாலும், புக்கிட் ரோத்தான் கடைகளின் வாழையிலைச் சாப்பாடு எல்லாம் அரை மணி நேரத் தூரத்துக்குள் கிடைக்கும்.

ஆற்றின் மறுமுனையில், கோல குபு பாருவில், மலை தொடங்குகிறது. பழைய கோல குபு 1883-இல் அணை உடைந்து வெள்ளத்தில் போனது. மாவட்ட அதிகாரியான ரேங்கிங் என்ற ஆங்கிலேயர் அதில் இறந்தார். ஆற்றின் காவலாக இருந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதால் வந்த கேடு என்று ஊரார் கதை கட்டினர். இன்று அங்கே பாறை ஆற்றில் ரப்பர்ப் படகு ஓட்டுகிறார்கள். சிலிங் அருவிக்குப் போகும் வழியில் ஆற்றைப் பலமுறை இறங்கிக் கடக்க வேண்டும். மேலே மழை பெய்தால் நொடியில் வெள்ளம் வரும், ஆகவே மேகம் கறுத்தால் திரும்பிவிடுவது புத்தி. அந்த ஆற்றில் பாதுகாக்கப்படும் கெலா மீன், காவிரியின் பெரிய மஹ்சீர் மீனின் சொந்தம். ஊருக்கு மேலேயுள்ள சிலாங்கூர் ஆற்று அணை கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்களுக்குத் தண்ணீர் தருகிறது. அணை எவ்வளவு நீரைக் கீழே விடுகிறதோ அதைப் பொறுத்துத்தான் கழிமுகத்தில் உப்பு எவ்வளவு தூரம் உள்ளே ஏறும் என்பதும் அமையும். கோலாலம்பூரில் திறக்கும் குழாய்க்கும் கம்போங் குவாந்தானில் மினுங்கும் மரத்துக்கும் தொடர்பு இருப்பது இப்படித்தான்.

போக நினைப்பவர் நாள்காட்டியில் அமாவாசையை ஒட்டிய நாளாகப் பார்த்து, மழை குறைந்த மாதத்தைத் தேர்ந்துகொண்டால், பகலில் மணல்திட்டையும் இரவில் மின்மினியையும் ஒரே பயணத்தில் காணலாம். பௌர்ணமியில் திட்டு தெரியும், மின்மினி நிலவில் மங்கிவிடும். வானக் கண்ணாடிக்குப் படகு நேரம் கடல் வற்றும் நேரத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பறவைக்கு அதிகாலையும் தொலைநோக்கியும் வேண்டும். மின்மினிப் படகில் கைப்பேசி வெளிச்சத்தையும் கேமரா ஃபிளாஷையும் அணைத்துவிடுங்கள், கொசுத்தைலத்தைப் பூசிய கையால் பூச்சியைத் தொடாதீர்கள், பிடித்துப் புட்டியில் போட்டுக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.